கோணல் காதுக் கோப்பை

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருந்தது. பீங்கான் ஆலைக்குள் நுழைந்த கொஞ்ச நாளிலேயே அது காணாமல் போயிற்று. சுடாத பச்சைக் கோப்பைக்குக் கைப்பிடி ஒட்டுகிற வேலை. கைப்பிடிக்கு அங்கே காது என்று பெயர். அதனால் அவள் காதுக்காரி. காதின் இரண்டு முனையிலும் கூழ்மண்ணைத் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்துவாள். அதோடு சரி. பார்க்கிறவனுக்கு இதென்ன பிரமாதம் என்று தோன்றும். அவன் ஒட்டிப் பார்க்கட்டும், தெரியும்.

ஆலைக்குள் எல்லாம் வெள்ளை. மண் வெள்ளை, தூசி வெள்ளை, ஜன்னல் வெயில்கூடப் பால் கலந்த மாதிரி இருக்கும். சாயங்காலம் சங்கு ஊதியதும் ஜனங்கள் வெளியே வருவதைப் பார்த்தால், மேகம் இறங்கித் தெருவில் நடக்கிறதோ என்று இருக்கும். எங்கோ கடல் தாண்டிய தேசத்தில் தலைமுறை தலைமுறையாகப் பொத்தி வைத்திருந்த வித்தை இந்தப் பீங்கான். யார் வாயிலிருந்தோ கசிந்து, கப்பலேறி, ஊர் ஊராக இறங்கி, கடைசியில் இந்தத் தெருவுக்கும் வந்து சேர்ந்தது. முதலில் கரண்டுக் கம்பத்தில் கம்பி தாங்குகிற வெள்ளைக் குமிழ் செய்தார்கள். ஊருக்கு வெளிச்சம் வந்தது. பிறகு கைகழுவும் தொட்டி. வீட்டுக்குள் குழாய் வந்தது. அப்புறம்தான் கோப்பை. கிளாஸை வளைத்துப் பிடித்து மடக் மடக்கென்று ஊற்றிக்கொண்டு ஓடிய ஊர், காதுக்குள் விரலை நுழைத்து, கால்மேல் கால் போட்டு, ஊதி ஊதி டீ குடிக்கப் பழகிற்று. பேச்சும் நீண்டது. நீண்ட பேச்சில் பாதி பொய்.

அந்தப் பொய்க்கெல்லாம் ராஜா அவளுடைய அண்ணன். ஆலையில் கம்பத்துக் குமிழ்களை அச்சில் அழுத்துகிறவனாக இருந்தவன். “இந்த ஊர் வெளிச்சம் பூரா என் கை வழியா வந்ததுடா” என்பான். கரண்டு என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஒருநாள் அதே அச்சு அவன் இடது கையை மணிக்கட்டோடு வாங்கிக்கொண்டது. வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். அதற்கும் ஆள் அசரவில்லை. இரண்டு விரலுக்கும் நடுவே கிளாஸை இடுக்கிக்கொண்டு டீக்கடையில் அதே கதை, அதே சிரிப்பு.

கடைக்குக் கோப்பை வந்தபோதுதான் ஒடுங்கினான். அகலவாய்க் கோப்பை இடுக்கினால் அடங்காது. காதுக்குள் விட்டால் அந்த ஒற்றைச் சுண்டுவிரலில் நிற்காது. முதல் நாளே மடியில் கொட்டிக்கொண்டான். மறுநாள் கடைக்காரர் நல்ல மனசோடு பழைய கிளாஸ் ஒன்றைத் தேடி எடுத்து, “கரண்டுக்கு மட்டும் இது” என்று வைத்தார். அவ்வளவுதான். எழுந்து வந்தவன், டீ குடித்தால் பித்தம் என்று சொல்லி வீட்டோடு கிடந்தான். கரண்டு கட்டு என்று கடையில் கொஞ்ச நாள் சிரித்தார்கள். பிறகு சிரிக்கவும் மறந்தார்கள்.

பேச ஆளில்லாவிட்டால் அண்ணன் இருந்தும் இல்லாதவன்தான் என்று தங்கைக்குத் தெரியும். அந்தக் கடைக் கோப்பைகளுக்குக் காது ஒட்டியது அவள் கை. சோற்றுத் தட்டை நகர்த்திவிட்டு அண்ணன் எதிரே போய் உட்கார்ந்தாள்.

“உன் கை அளவு குடுண்ணா. ஒண்ணு தனியா செஞ்சு தரேன்.”

“எதுக்கு? நொண்டிக் கோப்பைன்னு கடையில தனி ஆணி அடிச்சு மாட்டவா? போடி, வேலையைப் பாரு.”

மதியச் சாப்பாட்டுத் தூக்கை மட்டும் முழங்கையில் மாட்டிக்கொண்டு அவன்தான் ஆலைக்குக் கொண்டுவருவான். ஒருநாள் அவள் கை கழுவிவிட்டு வந்தவள், கதவோரம் அப்படியே நின்றாள். அவள் மேஜைமுன் அண்ணன் உட்கார்ந்திருந்தான். எதிரே அப்போதுதான் காது ஒட்டிய கோப்பை. சுற்றுமுற்றும் பார்த்தான். கட்டைவிரலை மேலே வைத்துச் சுண்டுவிரலை உள்ளே விட்டான். பச்சைமண் பிசைந்த மாவு மாதிரி இணங்கிக் கொடுத்தது. காது அகன்று, ஒரு பக்கம் சாய்ந்து, அந்த இரண்டு விரலுக்கும் இடம் விட்டது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். தூசி வெயிலில் மிதந்தது. யாரோ எதிரே உட்கார்ந்து கதை கேட்பதுபோல அவன் உதடு மெல்ல அசைந்தது.

கோப்பைகளைப் பலகையில் அடுக்கிச் சூளைக்குத் தூக்கிப்போகிறவரின் செருப்புச் சத்தம் கேட்டது. திடுக்கிட்டவன், தட்டி, நீவி, காதைப் பழையபடி நேராக்கிவிட்டு, தூக்கை வைத்துவிட்டுப் போயே போய்விட்டான்.

ஆலையில் ஒரு சட்டம் உண்டு. ஒருமுறை வளைந்த காதை நேராக்கி அனுப்பக்கூடாது. பிய்த்து மண்தொட்டியில் போட வேண்டும். இந்த மண்ணின் குணம் அப்படி. மேலே எவ்வளவு நீவிவிட்டாலும், வளைந்ததை உள்ளுக்குள் வைத்துக்கொண்டிருக்கும். சூளையில் நெருப்புப் பட்டதும் தன் கோணலுக்கே திரும்பும். பிய்க்கப் போன அவள் கை நின்றது. கோப்பையைப் பலகையில் ஏற்றிவிட்டாள். அடியில் இருப்பது அவள் முத்திரை. தெரிந்தால் மேஸ்திரி உரித்து உப்புத் தடவிவிடுவார்.

சூளை எரிகிற வரைக்கும் தூக்கத்திலும் கோப்பைதான். மண் சுட்டால் சுருங்கும். அண்ணன் பிடித்த இடமும் சுருங்கிவிட்டால்? கனவில், பொம்மைக் கைக்கான பிஞ்சுக் கோப்பை ஒன்று அவள் உள்ளங்கையில் உருண்டுகொண்டே இருந்தது.

சூளை பிரிக்கிறவர் கத்திக் கூப்பிட்டார். “ஏ காதுக்காரி! இதென்ன, யானை மாதிரி காதை விசிறிக்கிட்டு நிக்குது? யாரை நெனைச்சு ஒட்டினே?”

“கழிசல்தானே, எனக்குக் குடுங்கண்ணே.”

“கழிசல் குப்பைக்குத்தான் போகணும்.”

“எங்க வீடும் அப்படித்தான் கிடக்கு. குடுங்க.”

வீட்டில் அதில் டீ ஊற்றி அண்ணன் முன்னால் வைத்தாள். பக்கத்து வீட்டுக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தவன் பேச்சுவாக்கில் எடுத்தான். திட்டு பாதியில் நின்றது.

“இதை நான் நேராக்கிட்டேனே.”

“நீ நேராக்கினே. அது ஒத்துக்கலை.”

“ஒளிஞ்சு நின்னு பாத்தியா, கழுதை?”

“டீ ஆறுது. குடி.”

குடித்தான். அடிவரைக்கும் குடித்தான்.

மறுநாள் காலையில், அவள் ஆலைக்குக் கிளம்பும்போது அவனும் செருப்பைத் தேடினான். கோப்பையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து, டீக்கடையில் கழுவி அடுக்கிய கோப்பைகளோடு வைத்தான். கடைக்காரர் பார்த்தும் பார்க்காதவராக எல்லாவற்றிலும் டீ ஊற்றினார். தையல்காரர் எப்போதும் அவசரக்காரர். தட்டிலிருந்து முதலில் அதைத்தான் தூக்கினார். விரல் எங்கோ போய்ச் சிக்கிற்று. பாதி டீ மடியில்.

“எந்தப் பிசாசு கைக்குய்யா செஞ்சான் இதை?”

கடையே சிரித்தது. அண்ணன் கையை நீட்டி அதை வாங்கினான். இரண்டு விரலும் சொந்த வீட்டுக்குள் போவதுபோல் உள்ளே போய் உட்கார்ந்தன.

“என் கைக்கு. நீங்க ஊசியைப் பிடிங்க, போதும்.”

“அடடே, கரண்டு வந்துடுச்சுய்யா!” என்று மூலையிலிருந்து ஒரு குரல். பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்கள்.

சங்கு ஊதிற்று. காதுக்காரி ஆலைக்குப் போகாமல் தெருவோரத்திலேயே நின்றாள். அண்ணன் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனான். ஏதோ நினைவு வந்து, குடிக்காமல், என்றோ விட்ட கதையைத் தொடர்ந்தான். மெல்லிய பீங்கான். வெயில் ஊடுருவி, உள்ளே டீ நிற்கிற மட்டம் வெளியில் நிழலாகத் தெரிந்தது. பேசினான், பேசினான், பேசிக்கொண்டே இருந்தான். அந்த நிழல் கொஞ்சமும் இறங்கவில்லை.