ஈரம் படக்கூடாதவர்

பாளையங்கோட்டை கிளினிக்கில் செவ்வாய்தோறும் அவரைச் சந்திப்பேன். ரத்தம் உறையாமலிருக்க இருவரும் மாத்திரை தின்பவர்கள். அவர் நெஞ்சுக்குள் இதயத்துக்குத் துணையாக ஒரு பம்பு இருந்தது. அதன் வயர் வயிற்றுத் துளை வழியே வெளிவந்து, இடுப்புப் பையிலிருந்த இரண்டு பேட்டரிகளில் சேர்ந்தது. மெலிந்த மனிதர், ஓயாமல் அந்தப் பையைத் தொட்டுப் பார்ப்பார். ஒரு மணி நேரத்தில் பதினான்கு முறை எண்ணியிருக்கிறேன்.

ஆடி அமாவாசை கழிந்த செவ்வாயன்று துண்டு விலகியபோது அவர் சட்டையின் வயிற்றுப் பக்கம் மஞ்சள் கறை தெரிந்தது.

“சீழா அண்ணாச்சி?”

“பைய பேசும்வே. அப்பாவுக்கு எள்ளுந்தண்ணியும் விட ஆத்துல இறங்கினேன். பையத் தலைக்கு மேல தூக்கிட்டு, கழுத்து வரைக்கும் முங்கினேன்.”

“வயித்துல ஈரமே படக்கூடாதுன்னாவல்லா?”

“செம்புல மோந்து ஊத்துனா அது அமாவாசைக் குளியலாவே? நர்ஸம்மாட்ட சொல்லிராதீரும். மெட்ராஸ்ல கொண்டு படுக்க வச்சிருவாவ.”

நர்ஸ் வயிற்றுக் கட்டைப் பிரிக்க வந்தபோது அண்ணாச்சி, “காலையிலதான் மாத்தினேன்” என்றார். நர்ஸ் என்னைப் பார்க்க, நானும் ஆமென்று தலையாட்டினேன்.

அதிலிருந்து ஐந்தாம் செவ்வாய் அவர் மனைவி மட்டும் வந்தார். கிருமி பம்பு வரை போய்விட்டதாம், பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டதாம். “புண்ணை ஒருத்தர்ட்டயும் காட்டலியே அண்ணாச்சி” என்று என்னிடமே அழுதார்.

அந்த மனிதர் என்னை நம்பிச் சொன்னதை நினைத்தால் இன்றும் அவர்மேல்தான் கோபம் வருகிறது.