இடப்பக்கத்தில் போட்ட கையெழுத்து

ஒன்பதாம் வகுப்பு அறிவியல் ஆசிரியைக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘வீட்ல கேளு டீச்சர்’. அவர் பணியில் சேர்ந்து ஓராண்டு பத்து மாதம் ஆகியிருந்தது. இன்னும் இரண்டு மாதத்தில் வேலை நிரந்தரமாக வேண்டும். அதற்கு ஆய்வாளர் வந்து பார்த்து, ‘திருப்தி’ என்று எழுத வேண்டும். அந்தப் பள்ளியின் ஆய்வகத்துக்கு அப்போது நான் உதவியாளன்.

ஆய்வக நோட்டில் வலப்பக்கம் செய்முறை, இடப்பக்கம் பென்சில் படம் என்பது விதி. அவர் இடப்பக்கத்தில் பாதியை வேறு ஒன்றுக்கு ஒதுக்கினார். பாடத்தைப் பற்றி வீட்டில் கேட்டு, சொன்னவர் சொன்னபடியே அங்கே எழுதி வர வேண்டும். சோடா அதிகமானால் விரல் வழுக்கும் என்று சலவைக்கடைக்காரர் மகன் எழுதி வந்தான். அமிலம் தெறித்த சட்டை, துவைக்கும்போதுதான் ஓட்டையாகும் என்று பேட்டரிக் கடைக்காரர் மகள் எழுதி வந்தாள். வகுப்பு அங்கிருந்துதான் தொடங்கும். பின்வரிசைகூட விழித்திருந்தது.

வீட்டார் சொன்னதை அவர் அடிக்கவே மாட்டார். ஓரத்தில் சிவப்பு மையில் சுருக்கக் கையெழுத்து மட்டும் போடுவார். தவறு இருந்தால் வகுப்பில் பேசிக்கொள்ளலாம் என்பார்.

“எங்க வீட்ல ரெண்டும் ரெண்டும் அஞ்சுங்கறாங்க டீச்சர், அதுக்கும் கையெழுத்து உண்டா?” என்று ஒருநாள் சீண்டினார் கணக்கு வாத்தியார்.

“வீட்ல யாரு சொல்றது சார், நீங்களா?”

ஆய்வுக்கு முந்தின நாள், புதன்கிழமை, நாற்பத்தொரு நோட்டுகளையும் மறுபடி புரட்டினார். இருபத்தாறாவது நோட்டில் கை நின்றுவிட்டது. தங்கும் விடுதியில் கழிவறை கழுவும் அம்மா சொன்னதை மகள் எழுதியிருந்தாள்: ‘பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டையும் ஊற்றி, கதவைச் சாத்திக்கொண்டு தேய்த்தால் கறை போகும். இருமல் வந்தால் அழுக்கு விடுகிறது என்று அர்த்தம்.’ ஓரத்தில் சிவப்புக் கையெழுத்து. அந்தப் பெண் வகுப்பில் வாய் திறக்காதவள். அதைப் பற்றி யாரும் பேசியிருக்கவில்லை.

“அண்ணா, இது குளோரின், விஷக்காத்து” என்றார் என்னிடம்.

விஷயம் தலைமையாசிரியரிடம் போயிற்று. “மேல ஒரு பியூரெட் குழாய்ப் படத்த ஒட்டுங்கம்மா. பசை ஆபீஸ்ல இருக்கு. நாளைக்கு மட்டும் தப்பிச்சாப் போதும்.”

ஆசிரியை பசை டப்பாவை வாங்கி வந்தார், திறக்கவில்லை. அன்றே அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, இரண்டையும் சேர்க்கவே வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லும்படியும், காலை எட்டரைக்கு அவரை அழைத்து வரும்படியும் கேட்டுக்கொண்டார். ஆய்வாளர் வருவது பதினொன்றுக்கு.

மறுநாள் எட்டரைக்கு யாரும் வரவில்லை. ஒன்பதரைக்குள் ஆசிரியை நான்கு முறை வாசலுக்குப் போய் வந்தார். பத்து ஐந்துக்குத்தான் அந்த அம்மா இருமிக்கொண்டே வந்து, முக்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

“பொண்ணு எதுனா தப்பு பண்ணிடுச்சா டீச்சரம்மா?”

“நான்தாங்க பண்ணிட்டேன்.”

திறந்த ஜன்னலோரம் சோதனைக் குழாயில் ஒரு சிட்டிகை பவுடர் போட்டு, இரண்டு சொட்டு அமிலம் விட்டார். குழாய் வாயில் பிடித்த ஈரமான நீல லிட்மஸ் தாள் சிவந்தது. பிறகு வெளுத்தே போனது.

“கலரையே எடுக்குற காத்து இது. இதத்தான் கதவச் சாத்திக்கிட்டு உள்ள இழுத்திருக்கீங்க.”

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். “ஐயையோ! என்கூட கழுவுற மூணு பேரும் இப்படி ஊத்தப் பயந்தாளுங்க டீச்சரம்மா. டீச்சரே கையெழுத்துப் போட்டிருக்காங்க பாருங்கடின்னு இந்த நோட்டத்தான் காட்டுனேன். இப்ப வேணாம்னு வெறும் வாயால சொன்னா, போடி பைத்தியம்பாளுங்க.”

ஆசிரியை நோட்டைத் தன் பக்கம் இழுத்தார். சிவப்புப் பேனாவைத் திறந்தார். அப்போது மணி பத்து இருபது. வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. ஆய்வாளர் நாற்பது நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார். பின்னால் வந்த தலைமையாசிரியர், நோட்டை மூடச் சொல்லிக் கண்ணாலேயே கெஞ்சினார். ஆசிரியை அந்த வரிகளைக் குறுக்கே அடித்து, கீழே எழுதினார்: ‘இது தவறு. இரண்டையும் சேர்க்கவே கூடாது. விஷக்காற்று வரும். முன்பு கையெழுத்திட்டது என் பிழை.’ தேதியும் முழுப்பெயரும் போட்டார்.

ஆய்வாளர் தோளுக்கு மேலாகப் படித்தார். “எத்தன நாளா இப்படியே இருந்துச்சு?”

“இருபத்துமூணு நாள் சார்.”

“நோட்ட இப்படிக் குடுங்க.”

“சார், பதினோரு மணிக்கு எனக்கு ஷிப்டு” என்று அந்த அம்மா நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். “அங்க மூணு பேரு ஊத்திக்கிட்டு இருப்பாங்க. நீங்க அப்புறம் பாத்துக்கங்க சார்.”

ஆய்வாளர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். மீதி நாற்பது நோட்டுகளின் இடப்பக்கங்களையும் ஒன்றுவிடாமல் பார்த்தார்.

ஆய்வு முடிந்த பத்தொன்பதாம் நாள் உத்தரவு வந்தது. ‘வீட்டார் அறிவைப் பாடத்தோடு சேர்க்கும் முறை நன்று, சரிபார்ப்பு போதாது. தகுதிகாண் காலம் ஓராண்டு நீட்டிக்கப்படுகிறது.’ ஆசிரியை இரண்டு முறை படித்து, மடித்து, மேசை இழுப்பறையில் வைத்தார். அடுத்த பாடம் எரிதல். நோட்டுகள் மேசையில் காத்திருந்தன.

நாலே முக்காலுக்கு நான் பூட்ட வந்தபோது பதினேழு நோட்டுகள் முடிந்திருந்தன. மதியச் சாப்பாட்டு டப்பா திறக்கப்படவில்லை.

“பூட்டணும் டீச்சர்.”

“அண்ணா, இந்தப் பையன் வீடு எங்க இருக்குன்னு தெரியுமா? கொதிக்கிற எண்ணெயில தீப்பிடிச்சா தண்ணி ஊத்தணும்னு பெரியப்பா சொன்னாராம். ஊத்துனா தீ இன்னும் எகிறும். அவருக்குப் பஜ்ஜிக் கடையாம்.”

சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டார்.