அவர் முடிக்கும் முன்பே

"ஏன் நிற்கிறீர்கள்? ஊசி ஏற்றியாகிவிட்டது. நோயாளி செத்துவிட்டார்."

கொலோன் நகரில், என் முதல் பைலட் காஸ்டிங் என்னும் நடிகர் தேர்வில், அதை நடத்திய பெண்மணி என்னிடம் ஜேர்மன் மொழியில் சொன்னது இது. கமெரா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

பைலட் என்பது தொடருக்கு முன்னால் எடுக்கும் மாதிரிப் படம். சானலுக்குப் பிடித்தால் தொடர் வரும், இல்லையென்றால் எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். இரண்டாயிரத்தின் ஆரம்ப வருடங்களில் ஜேர்மன் தொலைக்காட்சியில் எங்கள் நிறத்துப் பெண்ணுக்கு வசனம் உள்ள வேடம் வருவதே அபூர்வம். இது மருத்துவமனைத் தொடர், தாதி வேடம். பெரிய டாக்டர் கத்திக்கொண்டே தவறான மருந்தை ஏற்றப் போவார். தாதி அவர் பேச்சை வெட்டித் தடுக்க வேண்டும். காட்சி அவ்வளவுதான்.

அதே வாரம் டோர்ட்மண்டில் ஒரு நிஜ மருத்துவமனை எனக்குத் தாதி அவுஸ்பில்டுங்குக்கு இடம் தந்திருந்தது. மூன்று வருடப் பயிற்சி, பிறகு நிரந்தர வேலை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். காஸ்டிங் புதன்கிழமை.

"வேஷத்துக்குப் போடுற உடுப்பை வேலைக்குப் போட்டா என்ன பிள்ளை?" என்றார் அப்பா.

ஆனாலும் ஒத்திகைக்கு அவரை விட்டால் ஆளில்லை. களஞ்சிய வேலை முடித்து வந்து, முகம் கழுவி, கண்ணாடி போட்டு, சமையலறை மேசையில் டாக்டராக உட்காருவார். ஒவ்வொரு ஜேர்மன் சொல்லையும் முழுசாக உச்சரிப்பார். நான் குறுக்கிட்டால் விரலை உயர்த்துவார்.

"பொறு பிள்ளை. நான் இன்னும் முடிக்கேல்லை."

நானும் பொறுத்தேன். எங்கள் வீட்டில் அப்பா கதைக்கும்போது குறுக்கே கதைத்தவர் எவருமில்லை. அந்தப் பழக்கத்தையும் வசனத்தோடு சேர்த்துப் பாடமாக்கியிருக்கிறேன் என்பது கொலோனில்தான் தெரிந்தது. எதிரே டாக்டராக வாசித்தவர் நரைத்த தாடிக்காரர். அவர் கத்தத் தொடங்கியதும் நான் மரியாதையாக, அவர் முடிக்கும் வரை நின்றேன்.

"இன்னொரு டேக் தருவீர்களா?" என்று கேட்டேன். கதவுக்கு வெளியே அடுத்த பெண் காத்திருந்தாள். பெண்மணி கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒன்று. அதற்கு மேல் கிடையாது."

தாடிக்காரர் தொடங்கினார். அப்பாவின் விரல் கண்முன்னே எழும்பியது. பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் அவர் பேச்சுக்குள் பாய்ந்தேன். அவர் நிறுத்தாமல் குரலை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன். அந்த வேகத்தில் ஒரு சொல்லை விழுங்கியும்விட்டேன். ஊசி என்று அவர் பிடித்திருந்த பேனா பாதியில் நின்றது.

"நன்றி. அழைப்போம்," என்றார் பெண்மணி. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

வியாழன் போன் வரவில்லை. வெள்ளி காலையும் வரவில்லை. அப்பா வேலைக்குப் போகாமல் மேசையில் இருந்தார்.

"இனி என்னத்தைப் பார்க்கிறது? ஆஸ்பத்திரிக்கு ஓம் எண்டு சொல்லு. நடிக்க வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை, ஆனா முதலிலை..."

"ஏலாது அப்பா."

விரல் உயர்ந்தது. "நான் இன்னும் முடிக்கேல்லை."

"ஓம், தெரியும். எனக்கு நடிக்கத்தான் வேணும் அப்பா."

அம்மா அடுப்படியில் கிளறுவதை நிறுத்திவிட்டார். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமா, வருத்தமா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மெல்ல விரலை மடக்கினார்.

"அங்கையும் இப்பிடியே சொன்னனி?"

"ரெண்டாந்தரம் சொன்னனான்."

"அப்ப கூப்பிடுவினம்."

கொலோனிலிருந்து போன் வருமுன்பே ஆஸ்பத்திரிக்கு வேண்டாமென்று சொல்லிவிட்டேன். வேடம் கிடைத்தது. சானலுக்குப் பைலட் பிடிக்கவில்லை, தொடர் வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து நான் நடித்துத்தான் பிழைக்கிறேன்.

காஸ்டிங்குக்குத் தயாராகும் தம்பி தங்கைகளே, வசனம் யாருக்கும் பாடமாகும். ஒத்திகையில் எதிரே உட்கார, நீங்கள் எதிர்த்துப் பேசப் பயப்படும் ஒருவரைக் கூப்பிடுங்கள். அவர் பொறு என்றால் பொறுக்காதீர்கள்.