மச்சாளின் கடையில் கண் மட்டம்

அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் இப்போது பேக்கரிப் பணிஸ் இருக்கிறது. உள்ளே எரியும் வெளிச்சம் சீனி தூவிய பணிஸ்களின் மேல் விழுந்து, அவற்றுக்கு இல்லாத பெருமையையெல்லாம் கொடுக்கிறது. கல்லடியில் பெரிய மச்சாளின் கடைக்கு வருகிறவர்கள் "எங்க வாங்கின இந்தப் பெட்டி?" என்று கேட்டால், அவர் என்னைக் கைகாட்டி, "இவர் எனக்குத் தந்த சீதனம்" என்பார். என் மாமாவின் மூத்த மகள் அவர். என்னைவிடப் பத்து வயது மூப்பு. மச்சான் மச்சாள் உறவில் கேலிக்கு எல்லை கிடையாது எங்கள் பக்கத்தில். அந்த உரிமையை அவர் ஒரு நாளும் வீணாக்கியதில்லை. பெட்டி வந்த கதையைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் மாறும்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பட்டம் வாங்கி மூன்று வருடம் சும்மா இருந்தேன். சும்மா என்றும் சொல்ல முடியாது. வேலையற்ற பட்டதாரிகளின் கொட்டகையில் சுழற்சி முறையில் உண்ணாவிரதம் இருந்தோம், என் முறை செவ்வாய்க்கிழமை. அன்று காலையில் அம்மா நாலு இடியப்பம் கூடுதலாக வைப்பார். அந்த நிலையில் ஒரு சிகரட் கொம்பனி என்னை விற்பனைப் பிரதிநிதியாக எடுத்தபோது, விற்பது என்ன என்று வீட்டில் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. மோட்டார் சைக்கிள் தந்தார்கள், சட்டையும் தொப்பியும் தந்தார்கள். "மகனுக்குக் கொம்பனியில வேலை" என்று மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்கு வந்த சனம் முழுவதற்கும் அம்மா சொல்லி முடித்துவிட்டார். ஆறு மாதம் தகுதிகாண் காலம். அதற்குள் பன்னிரண்டு கடைகளில் சிகரட்டை அடுக்கிக் காட்டுகிற இந்தக் கண்ணாடிப் பெட்டியைச் சுவரில் பூட்ட வேண்டும். பூட்டினால் நிரந்தரம், பூட்டாவிட்டால் மறுபடியும் செவ்வாய்க்கிழமை.

கடைகளின் பட்டியலை அவர்களே தந்தார்கள். எல்லாமே ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரே, அல்லது ஒரு ரியூசன் வகுப்புக்கு எதிரே. சொன்னால் சிரிப்பீர்கள், அதை நான் தற்செயல் என்றுதான் நினைத்தேன். விளம்பரம் செய்யக்கூடாது என்பது சட்டம். அதனால் பெட்டியில் ஓர் எழுத்துக்கூட இல்லை. நிறமும் வெளிச்சமும் மட்டும். நிறத்தைப் பார்த்தே எந்தச் சிகரட் என்று பொடியன்கள் சொல்லிவிடுவார்கள். டொபி போத்தல்களுக்குப் பக்கத்தில், நிலத்திலிருந்து நாலடி இரண்டு அங்குலத்தில் பூட்ட வேண்டும் என்பது கட்டளை. பயிற்சி வகுப்பில் எங்கள் முகாமையாளர் அதை 'வாடிக்கையாளரின் கண் மட்டம்' என்றார். என்ன அழகான தமிழ் என்று கொப்பியில் எழுதி வைத்தேன். ஐந்தடி எட்டு அங்குலம் வளர்ந்த நான், அது எந்த வாடிக்கையாளரின் கண் என்று யோசிக்கவே இல்லை. எனக்கு மண்டை இருந்தது, அதன் மேல் கொம்பனித் தொப்பி இருந்தது, அவ்வளவுதான்.

பதினொரு கடை முடிந்து, கடைசியில் மிஞ்சியது மச்சாளின் கடை. நேர் எதிரே ரியூசன் வகுப்பு. மச்சாளும் சிகரட் விற்றார், அதை மறைப்பதற்கில்லை; ஆனால் மேசை லாச்சிக்குள் வைத்து, கேட்கிற பெரியவர்களுக்கு மட்டும் எடுத்துக் கொடுப்பார். பெட்டி வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னார். தகுதிகாண் காலம் முடிய இன்னும் இரண்டு கிழமைதான் இருக்கிறது என்று என் நிலைமையைச் சொன்னேன். "சரி மச்சான். சிகரட்டுக்காக இல்ல, உன்ட முகத்துக்காக. கொண்டு வந்து பூட்டு" என்றார்.

பூட்டப் போன அன்று பார்த்து அளவு நாடாவை மண்டூர்க் கடையில் விட்டுவிட்டு வந்திருந்தேன். வாவியைச் சுற்றித் திரும்பிப் போய் வந்தால் அரை நாள் போய்விடும். முகாமையாளருக்குத் தொலைபேசி எடுத்தேன். மனிதர் ஏதோ அவசரத்தில் இருந்தார். "டேப் எதுக்கு? ரியூசனுக்கு வாற பிள்ளை ஒண்டை நிக்க வைச்சு, கண்ணுக்கு நேரே கோடு போடும்" என்றார். நல்ல யோசனை என்று நான் சந்தோஷப்பட்டேன். அதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. மச்சாளின் மகள் அப்போதுதான் பள்ளிக்கூடம் விட்டு வந்திருந்தாள். பதினொரு வயது. சுவரோடு நிற்கச் சொன்னேன். உயரமாகத் தெரிய வேண்டும் என்று அவள் குதியைத் தூக்கினாள். "குதியைக் கீழ வை, அளவு பிழைச்சிரும்" என்றேன். பிள்ளை வளர்ந்திருக்கிறாளா என்று பார்க்கிறேன் என நினைத்து மச்சாள் சிரித்துக்கொண்டே வந்து, பென்சில் கோட்டுக்குப் பக்கத்தில் அவள் பெயரையும் எழுதினார். கோட்டில் பெட்டியைப் பூட்டி வெளிச்சத்தைப் போட்டேன். பிள்ளை அசையாமல் அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றாள். "வடிவாக் கிடக்கு" என்றாள்.

மச்சாளின் சிரிப்பு நின்றுவிட்டது. பெட்டியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"மச்சான், பெரியாக்கள் குனிஞ்சா சிகரட் வாங்கிற?"

சத்தம் போடவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். அந்த அழகான தமிழ் யாருடைய கண்ணைச் சொன்னது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. வெட்கம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். பெட்டியைக் கழற்றக் கை வைத்தபோது மச்சாள் தடுத்தார். "கழட்டினா உன்ட வேலை போயிரும். பெட்டி இருக்கட்டும், உயரத்த நான் சொல்றன்." ஏணியில் ஏறினேன். கீழேயிருந்து "இன்னும் மேல, இன்னும் மேலகா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பெட்டி மணிக்கூட்டையும் தாண்டி முகட்டுக்குக் கிட்டப் போய் நின்றது.

அடுத்த கிழமை முகாமையாளர் கையில் படிவத்தோடு பார்வையிட வந்தார். டொபி போத்தல்களுக்குப் பக்கத்தில் தேடினார், மேசைப் பக்கம் தேடினார். மச்சாள் விரலை மேலே காட்டினார். மனிதர் அண்ணாந்து பார்த்தார். நான் அரிசி மூட்டைக்குப் பின்னால் நின்றேன். என் ஆறு மாதமும் அந்த முகட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

"தங்கச்சி, இது கொஞ்சம் கீழ வர வேணும்" என்றார் முகாமையாளர்.

"எவ்வளவு கீழ சேர்?"

"வாடிக்கையாளரின் கண் மட்டத்துக்கு."

"இருபத்தொரு வயசுக்குக் குறைஞ்ச ஆக்களுக்கு விக்க ஒண்ணாதே சேர். மறுகா, வளர்ந்த ஆக்கள்ற கண்ணுக்குத்தானே வைக்கணும்? எங்கட ஆக்கள் நல்ல நெட்டை. சேர் கொஞ்சம் கட்டை, அதாலதான் உங்களுக்கு உயரமாத் தெரியுது."

மச்சாளின் முகத்தில் மருந்துக்கும் சிரிப்பில்லை. முகாமையாளர் என்னைப் பார்த்தார், எதிரே ரியூசன் வகுப்பைப் பார்த்தார். சொல்ல வேண்டியது என்ன என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும், மச்சாளுக்கும் தெரியும். ஆனால் ஒரு தாயின் முன்னால் அதை வாயால் சொல்ல அவரால் முடியவில்லை. மச்சாள் கொடுத்த பிளேன்டீயைக் குடித்துவிட்டு, படிவத்தில் 'பூட்டப்பட்டது' என்று எழுதினார். ஐந்தாம் நாள் எனக்கு நிரந்தர நியமனக் கடிதம் வந்தது.

கடிதத்தோடும் காத்தான்குடியில் வாங்கிய மஸ்கட் இனிப்போடும் மச்சாளிடம் ஓடினேன். மஸ்கட்டில் இரண்டு துண்டு தின்றார், கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். "மாமி இனி மண்ணுல நடக்க மாட்டா" என்று அம்மாவைக் கேலி செய்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "மறுகா மச்சான், மத்தப் பதினொரு கடையிலயும் எந்தப் புள்ளைட கண்ணுக்கு நேர பூட்டினாய்?" என்று கேட்டார். அங்கெல்லாம் பிள்ளை இல்லை, நாடாதான் வைத்து அளந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். நாடாவால் அளந்துவிட்டால் பிள்ளை இல்லையென்று ஆகிவிடுமா?

மறுநாள் காலையில் மச்சாளின் ஏணியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். வேலையும் இருக்க வேண்டும், பெட்டியும் மேலே இருக்க வேண்டும் என்பது என் ஆசை. மச்சாள் கடையில் அது நடந்ததுதானே. கல்லடியிலிருந்து மண்டூர் வரை கடை கடையாகப் போய்ப் பெட்டிகளை முகட்டுக்கு ஏற்றினேன். ஏன் என்று கேட்டவர்களிடம் "கொம்பனி ஓடர்" என்றேன். தொப்பி போட்ட ஒருவன் ஏணியில் நின்று அப்படிச் சொன்னால் எங்கள் ஊரில் மறுபேச்சில்லை. ஒரு கடைக்காரர் மட்டும், "இனி வௌவால்தான் சிகரட் குடிக்கும்" என்றார். மூன்று நாளில் பதினொன்றும் மேலே ஏறிவிட்டன.

இப்போது என் தொழில் வீட்டுக் கூரைகளில் சோலர் தகடு பூட்டுவது, ஏணி எப்போதும் கையோடு இருக்கிறது. ஆனால் அந்த ஏணியால் இன்றைக்கு ஒன்றும் ஆகாது. மச்சாளின் மகள் உயர்தரம் படிக்கிறாள். போன கிழமை தன் கைத்தொலைபேசியில் எனக்கு ஒன்றைக் காட்டினாள்: பேனை மாதிரி ஒரு சாமான், மாம்பழ வாசனையில் புகை, அதை ஊதி ஆடுகிற ஒரு பொம்மை. யார் அனுப்பியது என்று கேட்டால், "ஒருத்தரும் இல்ல, தானா வருது" என்கிறாள். கொம்பனிக்குச் சுவரும் தேவையில்லை, நாடாவும் தேவையில்லை. பிள்ளைகள் தாங்களே கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு பார்க்கிறார்கள். நல்லவேளை, இவள் அதைப் பார்த்துச் சிரிக்கிறாள். தாயின் சிரிப்பு அப்படியே வந்திருக்கிறது.

அன்றைக்கு ஏணியால் முடிந்ததை நான் செய்தேன். நாலாம் நாள் முகாமையாளர் என்னைக் கந்தோருக்குக் கூப்பிட்டார். மேசையில் ஒரு கடிதம் தயாராக இருந்தது: அறிவுறுத்தலுக்கு மாறாகப் பன்னிரண்டு பெட்டிகளின் உயரத்தை மாற்றியது என் குற்றம். ஒப்புக்கொண்டு கையெழுத்து வைத்து, பெட்டிகளைப் பழைய இடத்துக்கு இறக்கினால் மன்னிப்பு, வேலையும் இருக்கும். அம்மாவின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. கடிதத்தை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தேன். "சரியான உயரம் எவ்வளவு, அது எத்தனை வயசு ஆளின்ட கண் எண்டு இதில எழுதித் தாங்க சேர். அதுக்குக் கீழ நான் கையெழுத்து வைக்கிறன்" என்றேன்.

அவர் பேனையின் மூடியைக் கழற்றினார். முனையைக் கடிதத்தின் மேல் கொண்டுபோனார். பிறகு பேனையை மூடி வைத்துவிட்டு, "நீர் போகலாம்" என்றார். கையெழுத்துக் கேட்கவில்லை. கொம்பனித் தொப்பியைக் கழற்றி அந்தக் கடிதத்தின் மேல் வைத்துவிட்டு வந்தேன்.