சிவப்புப் பெயிண்ட் அடித்த புரொப்பல்லர்

ஆற்றில் பயணிகள் படகு ஓட்டும் அவரைத் துறையில் எல்லோரும் ‘பெயிண்ட் கேப்டன்’ என்பார்கள். டப்பாவில் பெயிண்ட் மிச்சமிருந்தால் மனிதருக்குக் கை நமநமக்கும். எதன்மேலாவது பூசியாக வேண்டும். படகைக் கரையேற்றும்போதெல்லாம், தண்ணீருக்கடியில் யார் கண்ணிலும் படாத புரொப்பல்லருக்கும் இரண்டு கோட் பளபளச் சிவப்பு அடிப்பார். பழைய பெயிண்டைச் சுரண்ட மட்டும் மனசு வராது.

படகோ வரவர ஊர்ந்தது. எஞ்சின் உறுமும், டீசல் குடிக்கும், அக்கரை மட்டும் கிட்டே வராது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கேப்டன் டீசலைத் திட்டினார், நீரோட்டத்தைத் திட்டினார், பருமனான ஒரு வாத்தியாரை இடம் மாறி உட்காரச் சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அக்கரைத் தையல் கம்பெனியில் வேலை பார்க்கும் மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

“இன்னிக்கும் கேட்டைச் சாத்திட்டாங்க. நாளைக்கும் லேட்டானா, இனிமே நான் அண்ணன் படகுலதான் போவேன்.”

அவள் அண்ணனுக்கும் அதே துறையில், அதே எஞ்சினோடு ஒரு படகு உண்டு; கேப்டன் படகைத் தாண்டும்போதெல்லாம் தங்கையைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார். கட்டின பெண்டாட்டியே மச்சான் படகில் ஏறினால் அப்புறம் துறையில் தலைகாட்ட முடியுமா? கேப்டன் அன்று மாலையே படகைக் கரையேற்றி மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

மெக்கானிக் எஞ்சினைத் தொடவே இல்லை. புரொப்பல்லர் இறக்கையின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

“இது என்ன, இறக்கையா தலையணையா? ஓரம் மெலிசா இருந்தாத்தானே தண்ணிய அறுத்துப் பின்னால தள்ளும்? இது சும்மா கலக்கிட்டு இருக்கு.”

“பாக்க அழகா இருக்கேன்னு…”

“யாரு, மீனுங்க பாக்கவா? சுரண்டுங்க.”

சுரண்டினார். இந்த வருஷச் சிவப்புக்கு அடியில் போன வருஷச் சிவப்பு, அதற்கடியில் அதற்கு முந்தினது. வெண்கலம் தெரிந்தபோது கேப்டனுக்கு அழுகையே வந்துவிட்டது.

காலையில் துறையில் இரண்டு படகும் நின்றன. “வாம்மா” என்று அண்ணன் கைநீட்டினார். அவள் ஒரு கணம் தயங்கிவிட்டுக் கணவன் படகிலேயே உட்கார்ந்தாள். எஞ்சின் உறுமவில்லை, படகுதான் பாய்ந்தது. பாசி படிந்த புரொப்பல்லரோடு அண்ணன் இன்னும் ஆற்றில் இருக்கும்போதே இவர்கள் அக்கரை சேர்ந்துவிட்டார்கள்.

எல்லோரும் இறங்கிப் போனார்கள். அவள் மட்டும் நகரவில்லை.

“கம்பெனிக்கு நேரமாகலையா?”

“கேட் சாத்த இன்னும் நேரமிருக்கு. இத்தனை நாளா அண்ணனோட சேந்து உங்களப் பாத்துச் சிரிச்சேன். இன்னிக்கு உங்களோட சேந்து அவரப் பாத்துச் சிரிச்சிட்டுப் போறேன்.”