டிரம்முக்குள் தலை

தலையை டிரம்முக்குள் விட்டபடியேதான் ஹோரஸ் டில்மன் பேரம் பேசுவார். பழைய டிரம் விற்கிற கிடங்கில் அவருடைய இடுப்புக்குக் கீழே மட்டும்தான் ஆள் தெரியும். மேல்பாதி உள்ளே இருக்கும். கடைக்காரன் விலை சொன்னால், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற குரலில், "இதுல முன்னாடி என்ன இருந்துச்சு?" என்று கேட்பார். ஆப்பிள் சாறு என்றான் அவன். "அத நீ சொல்ற. டிரம்மு சொல்லட்டும்" என்று இன்னொரு முறை மூச்சை இழுத்தார். அன்று பதினேழு டிரம்முகளுக்குள் தலை விட்டார். வெளியே வந்தபோது காதுவரை துரு. அவர் மனைவி வெர்லீன் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. "யாராவது கேட்டா இந்தாளு கூட நான் வரலன்னு சொல்லிரு" என்று கூடப் போயிருந்த என்னிடம் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஹோரஸுக்கு ஐம்பத்தெட்டு வயது. பள்ளிக்கூடப் பேருந்துகளைப் பழுது பார்ப்பது வேலை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபை வாசலில் நின்று, வருகிறவர்களுக்கு அட்டை விசிறி கொடுப்பது ஊழியம். ஆர்கன்சா வெயிலுக்கு அது சின்ன ஊழியம் இல்லை. அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு கம்பி வேலிதான். அவர் செய்வதை நான் பார்க்காவிட்டாலும் வாசனை வந்து சொல்லிவிடும்.

இந்த மோப்பம் பிடிக்கிற பழக்கம் போன வருடம் வந்தது. ஒவ்வொரு வருடமும் ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, சிகாகோவுக்கும் டெட்ராய்ட்டுக்கும் பிழைக்கப் போன பிள்ளைகளெல்லாம் சபைக்குத் திரும்பி வருவார்கள். ஆராதனை முடிந்ததும் பெக்கான் மரத்தடியில் சாப்பாடு. அதற்குப் பன்றியின் தோள்கறியை டிரம்முக்குள் புகையில் வேகவைத்துக் கொடுப்பது ஹோரஸின் பொறுப்பு. அவருடைய பழைய டிரம் அடி இற்றுப் போனதால் போன வருடம் புதிதாக ஒன்று செய்தார். மிட்டாய்த் தொழிற்சாலை ஒன்றின் பின்னால் சும்மா கிடைத்த டிரம் அது. முன்பு அதில் இருந்தது புதினா எண்ணெய். அந்த வாசனை போக உள்ளே நெருப்பு வைத்து எரித்திருக்க வேண்டும். மனிதர் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவியதோடு விட்டுவிட்டார். எட்டு மணி நேரம் வெந்த கறியில் எட்டு மணி நேரப் புதினா. வாயில் வைத்தால் நெஞ்சுவரை குளிர்ந்தது.

எங்கள் சபையில் சாப்பாட்டைக் குறை சொல்கிற வழக்கம் இல்லை. தட்டில் விழுந்ததைக் கர்த்தருக்கு நன்றி சொல்லிச் சாப்பிட்டுவிட வேண்டும். பாஸ்டர் இரண்டாம் தடவையும் வாங்கினார். அவருடைய விசுவாசம் பெரியது. ஆனால் உள்ளதை அறிய ஒரு வழி உண்டு. சாப்பாடு முடிந்ததும் மேஜை முனையில் அலுமினியத் தாள் சுருள் ஒன்று வைப்போம். அவரவருக்குப் பிடித்ததைப் பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். போன வருடம் நான் சுட்ட சோள ரொட்டி போயிற்று, பீன்ஸ் போயிற்று, பீச் பழப் பணியாரம் போயிற்று. கறியில் ஒரு துண்டு போகவில்லை. ஹோரஸ் தாள் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு மேஜை முனையில் நின்றார். கடைசி வண்டி புறப்படும்வரை நின்றார். பிறகு மிச்சக் கறி முழுவதையும் வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு போனார். அவர்கள் வீட்டு நாய் அதை முகர்ந்து பார்த்துத் தும்மியது.

அடுத்த ஞாயிறு, சபைச் சமையலறைக்குத் தலைவியான ஆர்மெல்லா அம்மா வாசலில் ஹோரஸ் முன்னால் நின்றார். கைப்பையைத் திறந்து, ஒரு புதினா மிட்டாயை எடுத்து, ஒரு வார்த்தை பேசாமல் அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு உள்ளே போனார். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. வருடம் முழுக்க ஒரு வாரம் தப்பவில்லை. கைப்பை 'கிளிக்' என்றதுமே ஹோரஸ் விசிறிகளை இடது கைக்கு மாற்றி வலது கையை நீட்டிவிடுவார். வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, "ரொம்ப நன்றிங்கம்மா" என்பார்.

இந்த வருடம் ஜூலையில் சமையலறைப் பெண்கள் கூடியபோது, பேசாமல் கோழி வறுத்துவிடலாமே என்று பேச்சு எழுந்தது. ஹோரஸ் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, இந்த ஒரு தடவை மட்டும் விடச் சொல்லிக் கேட்டார். இருபத்திரண்டு வருடமாகச் செய்கிறேன் என்றார்.

"செய்யி தம்பி" என்றார் ஆர்மெல்லா அம்மா. "இந்த வாட்டியும் ஒரு பொட்டலம் போகலன்னா, அடுத்த வருசத்துலேருந்து கோழிதான். நீ விசிறி குடுத்தா போதும்."

பதினேழு டிரம் முகர்ந்தது அதனால்தான்.

வாங்கி வந்த டிரம்முக்குள் மரப்பலகைகளை அடைத்து, உள்பூச்சு கருகி உதிரும்வரை எரித்தார். ஒரு தடவை போதும். நான்கு தடவை எரித்தார். கொடியில் கிடந்த என் துணியெல்லாம் கரி. சபைக் காரியம் என்று பொறுத்துக்கொண்டேன். பிறகு காற்றுப் போக அடியில் மூன்று துளை போட்டு, ஒவ்வொன்றிலும் திருகு மூடியோடு ஒரு குழாய்த் துண்டு வைத்தார். மேலே கம்பித் தட்டு உட்கார நான்கு போல்ட். பேருந்து எஞ்சினை மயிரிழை பிசகாமல் இறுக்குகிறவர், இதற்கு மட்டும் அளவு டேப்பைத் தொடமாட்டார். ஒரு முழம், அதற்கு மேல் நாலு விரல். "நோவா பேழையவே முழம் போட்டுத்தான் கட்டுனாரு. மெதக்கலையா?" என்பார். மிதந்ததுதான். ஆனால் நோவா ஒரே கையால் அளந்திருப்பார். ஹோரஸ் இரண்டு போல்ட்டை வலது கையாலும் இரண்டை இடது கையாலும் அளந்தார். இடது கை சின்ன வயதில் முறிந்து, சற்றுக் குட்டையாகச் சேர்ந்தது. தட்டு ஒரு பக்கம் சரிந்து நின்றது.

"அப்படியே விடு" என்றாள் வெர்லீன் ஜன்னலிலிருந்து. "கறி தானா எறங்கி சபைக்கு நடந்து போயிரும்."

சூடு பார்க்கவும் அவரிடம் கருவி கிடையாது. டிரம்மின் வயிற்றுக்கு ஒரு விரல் தள்ளி உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டு பரமண்டல ஜெபம் சொல்வார். கை பொறுக்காமல் இழுத்துக்கொள்கிற இடம்தான் கணக்கு. அன்றைய அப்பத்தைக் கேட்கிற வரி வரை போனால் சூடு சரி. அதற்கு முன்பே இழுத்தால் காற்றை அடைக்க வேண்டும். ஆமென் வரை போய்விட்டால் கரி போதாது. ஜெபத்தை இப்படிப் பயன்படுத்தலாமா என்று பாஸ்டரிடம் போய்க் கேட்டேன். அந்த மனுஷன் ஒரு நாளில் நாற்பது தடவை ஜெபிக்கிறார், தடுக்க எனக்கு மனம் வரவில்லை என்றார் அவர்.

அந்த ஆகஸ்ட் ஞாயிறு விடிந்தபோதே டிரம் மரத்தடியில் புகைந்துகொண்டிருந்தது. கறியை வைத்து மூடிய பிறகு திறக்கக் கூடாது. திறந்தால் காற்றுப் புகுந்து தீ எழும்பும். ஹோரஸால் திறக்காமல் இருக்க முடியாது. ஆகவே வெர்லீன் சபைக்குப் போடுகிற மஞ்சள் தொப்பியோடு பக்கத்தில் நாற்காலி போட்டு, கையில் ஈ அடிக்கும் மட்டையோடு காவல் இருந்தாள்.

"கைய எடு மனுசா."

"வாசம் மட்டும் பாத்துக்கிறேன்."

"டிரம்ம பதினேழு பாத்தாச்சு. போதும்."

மதியம் எல்லோரும் சாப்பிட்டார்கள். எல்லோரும் புகழ்ந்தார்கள். டெட்ராய்ட்டிலிருந்து வந்த ஒருவர், இப்படிக் கறி அங்கே கிடைக்காது என்றார். ஹோரஸ் தலையை மட்டும் ஆட்டினார். போன வருடமும் அதையே சொன்னவர் அவர். ஹோரஸ் ஒரு வாய் சாப்பிடவில்லை. தாள் சுருளைப் பிடித்துக்கொண்டு மேஜை முனையில் போய் நின்றுவிட்டார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் என் ரொட்டியைத் திரும்பத் திரும்ப அடுக்கினேன்.

முதலில் எழுந்தவர் ஆர்மெல்லா அம்மா. வாயைத் துடைத்துக்கொண்டு, நிதானமாக நடந்து மேஜை முனைக்கு வந்தார். கைப்பை 'கிளிக்' என்றது. ஹோரஸின் தோள் இரண்டும் தொங்கிப்போயின. ஆனாலும் பழகிய கை. சுருளை இடது கைக்கு மாற்றி வலது கையை நீட்டினார்.

விழுந்தது மிட்டாய் இல்லை. எட்டாக மடித்த ஒரு அலுமினியத் தாள். வீட்டிலிருந்தே கொண்டுவந்தது.

"ஓரத்துல கருகுனது ரெண்டு துண்டு கூடப் போடு தம்பி" என்றார். "உன் சுருளு மத்தவங்களுக்கு வேணும்."

ஹோரஸ் நன்றிகூடச் சொல்லவில்லை. தாளைப் பிரித்துத் தொடைமேல் வைத்து, மிட்டாய்க்கு நீட்டுகிற அந்த உள்ளங்கையாலேயே ஒவ்வொரு மடிப்பாக நீவத் தொடங்கினார். பின்னால் வரிசை சேர்ந்துகொண்டிருந்தது. அவர் அவசரப்படவில்லை.