யாருக்கும் வேலை போகாது

எங்கள் விமான நிறுவனத்தை அதைவிடப் பெரிய நிறுவனம் ஒன்று சேர்த்துக்கொண்ட அன்று, "யாருக்கும் வேலை போகாது" என்று எல்லோருக்கும் செய்தி அனுப்பினார்கள். நான் அப்படி எதுவும் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு எதற்கு இவ்வளவு அவசரமாகப் பதில் சொல்கிறார்கள் என்று அந்தச் செய்தியை மறுபடியும் படித்தேன்.

நான் கேப்டனாக இருந்தது விசிறி வைத்த சின்ன விமானத்தில். கோயமுத்தூரில் ஏறினால் பக்கத்து மாநிலங்களில் இறங்கும் வண்டி. பெரிய நிறுவனத்திடம் இருந்ததெல்லாம் ஜெட். எந்த ரக விமானத்துக்குப் பயிற்சி எடுத்தோமோ அதை மட்டும்தான் பைலட் ஓட்டலாம். சின்ன விமானங்களை வைத்துக்கொண்டால் எனக்கு வேலை உண்டு. விற்றுத் தள்ளிவிட்டால், ஜெட் பயிற்சிக்கு அவர்கள் ஆட்களுக்கெல்லாம் பின்னால் போய் நிற்க வேண்டும், அதுவும் கூப்பிட்டால். நாற்பதைத் தாண்டியவனை யார் கூப்பிடப்போகிறார்கள்?

எங்கள் சின்ன விமானப் பிரிவின் தலைவர் ஒரு சென்னைக்காரர், அவரும் என்னைப் போல அதே விமானத்தில் கேப்டன்தான். வீடியோ கூட்டத்தில் சிரித்தபடியே பேசினார். "சின்ன விமானம் இல்லாம சின்ன ஊருக்கு எப்படிப் போறது? நிம்மதியா இருங்க." நல்ல மனிதர்தான். ஆனால் அதைச் சொல்லும்போது மட்டும் குனிந்து எதையோ தேடினார். அதற்குப் பிறகு எனக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம். கிழிந்த சீட் உறையை மாற்றவில்லையென்றால் சந்தேகம், மாற்றினால் அதைவிடச் சந்தேகம்.

ஊரிலும் விட்டுவைக்கவில்லை. வேலைநாளில் நான் திருப்பூரில் தென்பட்டாலே போதும், விசாரணைதான். ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலைக்காரர், எனக்கு மாமன் முறை, சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டார்: "ஏனுங் மாப்ள, உங்க பிளேன் கம்பெனிய வேற ஆருக்கோ குடுத்துப்போட்டாங்களாமா? அப்ப உங்க கதை?" நான் "ஒண்ணும் பிரச்சனை இல்லீங்க" என்றேன். எங்கள் தலைவரின் குரல் எனக்கு அப்படியே வந்திருந்தது.

பிறகு ஒரு மாதத்தில் எல்லாம் மாறியது. வேலை அட்டவணை திடீரென்று நிரம்பி வழிந்தது. முன்பு சும்மா நின்ற விமானங்கள்கூட விடிந்ததிலிருந்து பறந்தன. நான் வீட்டுக்கு வருவதே துணி மாற்றத்தான் என்று ஆனது. என் மனைவிக்கு ஒரே சந்தோஷம். "இத்தன வேல குடுக்கறவிய உங்களயப் போயி ஊட்டுக்கு அனுப்புவாங்களா? நீங்கதானுங்க சும்மா சும்மா சந்தேகப்பட்டுட்டு இருக்கறீங்க" என்றாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நெடுநாள் கழித்து வயிறாரச் சாப்பிட்டேன்.

அந்தச் சமயத்தில் ஒரு விடுப்பு நாளில் திருப்பூரை ஒட்டிய வீரபாண்டியில் இருக்கும் அண்ணனின் மெஷின் செட்டுக்குப் போனேன். அண்ணன் நிட்டிங் தொழில், நூலைத் துணியாக்கும் வேலை. அவரும் அந்த வருஷம்தான் தன் மச்சினனின் தொழிலோடு சேர்ந்திருந்தார். ரெண்டு பேர் மெஷின்களும் ஒரே கூரைக்கு அடியில் வந்திருந்தன. அண்ணனின் பழைய சின்ன மெஷின்கள் ஒரு ஓரமாக இருந்தன. அவை புதுப் பெயிண்டில் பளபளவென்று இருந்ததும், ரெண்டு ஷிப்டும் நூல் போட்டு ஓட்டுவதாகக் கேள்விப்பட்டதும் எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"பழைய மெஷினுக்கு இத்தன ஆர்டருங்களாண்ணா?" என்று கேட்டேன்.

அண்ணன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனார். "ஆர்டராவது ஒண்ணாவது. விக்கப்போறன்டா. நிக்கிற மெஷினுக்கு ஆரு வெல குடுப்பா? ஓடறதக் காட்டுனாத்தான் வாங்கறவன் நம்புவான். காலைல ஒருத்தன் வந்து பாத்துட்டுப் போனான், ஆளுககிட்ட நூல்காரன்னு சொல்லி வெச்சிருக்கறன், அவந்தான் வாங்கறவன்."

எங்கள் ஊரில் ஒரு மெஷினைத் தள்ளுவதென்றால் கழுவி, பெயிண்ட் அடித்து, இடைவிடாமல் ஓட்டித்தான் தள்ளுவார்கள். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். இத்தனை தெரிந்தும், என் விமானத்தை ஓய்வில்லாமல் ஓட்டியபோது வேலை கெட்டியாகிவிட்டது என்று நம்பியிருக்கிறேனே. போன வாரம் எனக்குப் பின்னால் உட்கார்ந்து வந்த இருவர் நினைவுக்கு வந்தார்கள். தணிக்கைக்காரர்கள் என்று சொன்னார்கள். தணிக்கைக்காரனுக்கு எதற்கு எஞ்சினைச் சுற்றிச் சுற்றி ஃபோட்டோ?

"ஓட்டறவங்களுக்குச் சொல்லீட்டீங்களா?"

"சொன்னா நாளைக்கே வேற எடம் பாத்துட்டுப் போயிருவானுக. அப்பறம் ஆருடா ஓட்டிக் காட்டறது? மெஷின் வண்டியேறட்டும், சொல்லிக்கலாம்."

அண்ணன் கெட்டவர் இல்லை. ஆட்களின் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் முதல் ஆளாக நிற்பவர். அதனால்தான் எனக்கு இன்னும் எரிந்தது. எங்கள் தலைவரும் இப்படித்தான் எவரிடமோ சொல்லிக்கொண்டிருப்பார் என்று தோன்றியது.

மனம் கேட்கவில்லை. பழைய மெஷின்களை ஓட்டுகிறவர்களில் ஒருவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், என்னைவிடச் சற்று இளையவர், மனைவியும் பனியன் கம்பெனியில் வேலை. டீக்கடையில் அவரைப் பிடித்து, மெஷினை விற்கப்போகிறார்கள், வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரெண்டு ஷிப்டும் ஓடுத மெஷின எவனாவது விப்பானா அண்ணாச்சி? உங்களுக்குப் பிளேன் வேல போயிட்டுன்னு ஊர்ல பேசிக்கிடுதாவ. எங்கள வெளிய அனுப்பிட்டு நீங்க ஆள் வச்சு நடத்தப் போறியளோ?"

நல்லது சொல்லப்போனதற்கு எனக்குக் கிடைத்த மரியாதை இது. கோபம் கோபமாக வந்தது. ஆனாலும் அவர் இடத்தில் நான் இருந்தால் என்ன கேட்டிருப்பேன்? இதையேதான் கேட்டிருப்பேன்.

கொஞ்ச நாளில் அண்ணனிடமிருந்து ஃபோன். அந்த ஆள் அடுத்த ஷிப்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் பக்கத்து செட்டுக்குப் போய்விட்டாராம். வாங்க வந்தவனுக்கு மெஷினை ஓட்டிக் காட்ட ஆளில்லை, விற்பனை தள்ளிப்போய்விட்டது. "ஆருடா அவங்கிட்ட சொன்னது?" என்று கத்தினார். டவர் கிடைக்கவில்லை என்று ஃபோனை வைத்துவிட்டேன். பிறகு அந்த ஆளைக் கடைவீதியில் பார்த்தபோது, "உங்கள நம்பலதான் அண்ணாச்சி. இருந்தாலும் எதுக்கும் இருக்கட்டும்னு ஒரு எடத்துல சொல்லி வச்சேன்" என்றார், கூச்சமே இல்லாமல்.

அன்றைக்கே நானும் ஒரு இடத்தில் சொல்லி வைத்தேன். என் ரக விமானத்தையே ஓட்டும் சின்ன நிறுவனம் அது. பைலட் நினைத்த மாத்திரத்தில் வேலையை உதற முடியாது, மாதக்கணக்கில் முன்னறிவிப்பு தர வேண்டும். எங்கள் விமானங்கள் போகும்வரை காத்திருந்தால் நான் தெருவில் நின்றபடிதான் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டியிருக்கும். மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவள் சட்டையை இஸ்திரி போட்டு வைத்தாள்.

நேர்காணல் பெங்களூரில். கதவைத் திறந்து காத்திருப்பு அறைக்குள் நுழைந்தால், எங்கள் பிரிவின் தலைவர் மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

என்னைப் பார்த்ததும் அவருக்கு முகம் செத்துப்போயிற்று. "வேலை போகாதுன்னு எனக்கும்தான் சொன்னாங்க" என்றார்.

பாவமாக இருந்தது. கோபமும் இருந்தது. எதை முதலில் காட்டுவது என்று தெரியாமல் நின்றேன். அவர் பக்கத்து நாற்காலியில் இருந்த தன் பையை எடுத்துக் கீழே வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரே ஒரு கேப்டன் இடம்தான் காலியாம், அதுவும் யாரையோ ஏற்கெனவே முடிவு பண்ணிட்டாங்களாம்" என்றார்.

இதை எதற்கு என்னிடம் சொல்கிறார், நல்லதற்கா, என்னைக் கிளப்பிவிடவா என்று யோசித்தபடியே நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.